முதல் கம்ப்யூட்டரைக் கட்டிய நரசிம்மன்

குட்டீஸ், தோவாளைப் பூச்சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? விடிவதற்கு முன்பே பிச்சிப்பூவும் மல்லிகையும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. அங்கே பூத்தொடுப்பவர்களின் விரல்கள் போகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டரின் நினைவகத்தையும் ஏறக்குறைய இப்படித்தான் கையால் கோத்தார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

பூவுக்குப் பதில் மிகச் சிறிய கருப்பு வளையங்கள். நூலுக்குப் பதில் தலைமுடி போன்ற செம்புக் கம்பி. பூவுக்கு ஒரு நூல் போதும். இந்த வளையம் ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று, நான்கு கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். ஒரு கம்பி இடம் மாறினாலும் கணக்கு தப்பாகிவிடும்.

இப்படிப்பட்ட வளைய நினைவகம் கொண்ட ஒரு பெரிய கம்ப்யூட்டரை, வெளிநாட்டில் இருந்து வாங்காமல், நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஒரு பொறியாளர். அவர் பெயர் ரங்கசாமி நரசிம்மன். அவருடைய கதைதான் இந்த வாரம்.

நரசிம்மன் 1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தார். அவர் பட்டம் பெற்ற ஆண்டு 1947. நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு! பிறகு மேல்படிப்புக்கு அமெரிக்கா சென்றார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கல்லூரியில் மின் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதோடு நிற்கவில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பொறியியல் படித்தவர் ஏன் கணிதத்துக்குப் போனார் என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் என்பது பாதி மின்சாரம், பாதி கணிதம். இரண்டும் தெரிந்தவர்கள் அப்போது உலகத்திலேயே குறைவு.

1954இல் அவர் பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். பம்பாய் என்பது இன்றைய மும்பை. விஞ்ஞானி ஹோமி பாபா 1945இல் தொடங்கிய நிறுவனம் அது. அணுவைப் பற்றியும், விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றியும் அங்கே ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சிகளில் கணக்கு மலைபோல் குவியும். மேசை மேல் வைத்துச் சுற்றும் கணக்கு இயந்திரங்களை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்? மின்னணுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பாபா நினைத்தார்.

இங்கேதான் ஒரு கேள்வி வந்தது. வாங்குவதா, கட்டுவதா?

கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வாங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்தில் இருந்து ஒரு சிறிய கம்ப்யூட்டரை 1955இல் வரவழைத்தது. சில ஆண்டுகள் கழித்து ரஷ்யாவில் இருந்தும் ஒன்று வந்தது. அதில் தவறு எதுவும் இல்லை. அவர்களுக்கு அவசர வேலை இருந்தது. பம்பாய்க்காரர்கள் கட்டும் வழியைப் பிடித்தார்கள். பொறுப்பு, இருபத்தெட்டு வயதைத் தாண்டியிருந்த நரசிம்மனுக்கு வந்தது.

அவருடைய குழு பெரியது அல்ல. தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் இயற்பியல் படித்து, மின்னணுவியல் கொஞ்சம் தெரிந்த இளைஞர்கள். அவர்களில் யாரும் அதற்கு முன் கம்ப்யூட்டர் கட்டியவர்கள் இல்லை. அப்படியானால் எதைப் பார்த்துக் கட்டினார்கள்?

இதற்குப் பதில் தெரிய நாம் அமெரிக்காவில் உள்ள பிரின்ஸ்டன் நகருக்குப் போக வேண்டும். அங்கே ஜான் வான் நியூமன் என்ற மேதை இருந்தார். அவரும் ஆர்தர் பர்க்ஸ், ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற இரு நண்பர்களும் 1946இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். கம்ப்யூட்டருக்கு என்னென்ன உறுப்புகள் வேண்டும், நினைவகம் எப்படி இருக்க வேண்டும், கட்டளைகளை எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று அதில் விவரமாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அறிக்கைகள் வந்தன. இவற்றைப் பூட்டி வைத்துப் பணம் பார்த்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பினார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கட்டலாம், மாற்றலாம். அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு சிலர் கம்ப்யூட்டருக்குக் காப்புரிமை கேட்டார்கள். அந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, கடைசியில் 1973இல் அந்தக் காப்புரிமை செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வான் நியூமன் குழுவின் அறிக்கைகளைப் படித்தவர்கள் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்கள் கட்டினார்கள். ஸ்வீடனில் ஒன்று, இஸ்ரேலில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒன்று, அமெரிக்காவிலேயே பல. எல்லாம் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் போல. முகச்சாயல் ஒன்றாக இருக்கும், குணம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். பம்பாயில் நரசிம்மன் கட்டியதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இன்று ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழில் திறமூலம் என்கிறார்கள். அது என்ன என்று குழம்ப வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட் வாங்குகிறோம். பாக்கெட்டில் இருப்பதைத் தின்னலாம். உப்பு கூடினால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சிப்ஸ் போடும் அண்ணாச்சி உங்களுக்குச் செய்முறையைச் சொல்லித் தந்துவிட்டால்? உப்பைக் குறைக்கலாம். மிளகு சேர்க்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லித் தரலாம். அவர் அதை இன்னும் நன்றாகச் செய்து நமக்கே திருப்பிச் சொல்லித் தரலாம். கம்ப்யூட்டர் மென்பொருளின் செய்முறைதான் மூலநிரல். அதை எல்லோரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விட்டால் அது திறமூலம். அந்தப் பெயர் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரின்ஸ்டன்காரர்கள் அதைச் செய்துவிட்டார்கள். அதுவும் மென்பொருளுக்கு அல்ல, இயந்திரத்துக்கே!

செய்முறை கையில் இருந்தால் போதுமா? போதாது. சிப்ஸ் போடக் காய் வேண்டும், எண்ணெய் வேண்டும், எண்ணெய் காய்ந்த பதம் தெரிய வேண்டும். நரசிம்மன் குழுவுக்குத் தேவையான பல பாகங்கள் இந்தியாவில் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டும். அன்னியச் செலாவணி தட்டுப்பாடான காலம் அது. பதம் தெரியவோ, செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

அதனால் நரசிம்மன் முதலிலேயே பெரிய இயந்திரத்தில் கை வைக்கவில்லை. கெட்டிக்காரத்தனமான முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னோட்டமாக ஒரு சிறிய இயந்திரத்தைக் கட்டினார்கள். 1956ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது ஓடத் தொடங்கியது. தங்கள் கைகளுக்கு இந்த வேலை வரும் என்று அப்போது தெரிந்துவிட்டது. 1957இல் பெரிய இயந்திரத்தைத் தொடங்கினார்கள்.

கம்ப்யூட்டர் எப்படிக் கணக்கிடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். குளத்தில் மடை இருக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும். மூடினால் நிற்கும். திறந்த மடையை 1 என்றும், மூடிய மடையை 0 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மடைகள் இருந்தால், இரண்டும் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். ஒரு வயலுக்கு இரண்டு தனித்தனி வாய்க்கால்களும் அவற்றில் ஒவ்வொரு மடையும் இருந்தால், ஏதாவது ஒன்று திறந்தாலே போதும். ‘இதுவும் அதுவும்’, ‘இதுவோ அதுவோ’. இந்த இரண்டையும், திறந்ததை மூடுவதையும் மாற்றி மாற்றி இணைத்தே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் செய்துவிடலாம். தண்ணீருக்குப் பதில் மின்சாரம். மடைக்குப் பதில் அந்தக் காலத்தில் வால்வு.

வால்வு என்றால் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். பழைய ரேடியோப் பெட்டிக்குள் கண்ணாடிக் குமிழ்கள் செம்மையாக ஒளிரும். ரேடியோவைப் போட்டதும் பாடாது. குமிழ் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு ரேடியோவில் ஐந்தாறு குமிழ்கள்தான் இருந்தன. அதில் ஒன்று போனாலே ஒரு வாரத்துக்குப் பாட்டு கிடையாது. நரசிம்மன் கட்டிய இயந்திரத்தில் எத்தனை வால்வுகள் தெரியுமா? ஏறக்குறைய 2,700! அதோடு 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள். எல்லாவற்றையும் 18 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட இரும்புச் சட்டத்தில் பொருத்தினார்கள். ஒரு பேருந்தின் பாதி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை வால்வுகளும் விடும் சூட்டையும், அவற்றில் எது எப்போது பழுதாகுமோ என்ற கவலையையும் நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

நான் முதலில் சொன்ன வளையங்களுக்கு வருவோம். ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆனவை அவை. வளையத்தை ஒரு பக்கமாகக் காந்தமாக்கினால் 1. எதிர்ப்பக்கமாக ஆக்கினால் 0. மின்சாரம் நின்றாலும் காந்தம் மறக்காது. பெரிய இயந்திரத்தின் நினைவகத்தில் 2,048 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 40 வளையங்கள். பெருக்கிப் பாருங்கள், 81,920 வளையங்கள் வரும். இன்றைய கணக்கில் அது வெறும் 10 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைக்கூட அதில் முழுதாகச் சேமிக்க முடியாது. அம்மாவின் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு இதைப்போல நூற்றுக்கணக்கான நினைவகங்கள் தேவைப்படும்.

ஆனாலும் அன்றைய நிலையில் அது குறைந்த சாதனை அல்ல. வளைய நினைவகம் அப்போது புத்தம் புதிய தொழில்நுட்பம். அமெரிக்காவிலேயே எல்லா இயந்திரங்களிலும் அது வந்திருக்கவில்லை. இன்னொரு புதுமையும் பம்பாய் இயந்திரத்தில் இருந்தது. விடையைப் படமாகவும் எழுத்தாகவும் காட்ட ஒரு திரை வைத்திருந்தார்கள்.

இயந்திரத்தை 1960இல் முறைப்படி இயக்கத் தொடங்கினார்கள். அதற்கு நிரல் எழுதுவது எப்படி? இப்போது பள்ளியில் நீங்கள் ஸ்க்ராட்ச், பைத்தான் என்று படிக்கிறீர்கள். ஆங்கிலச் சொற்களைப் போட்டாலே கம்ப்யூட்டர் புரிந்துகொள்கிறது. அப்போது அந்த வசதி கிடையாது. இருபதாம் இடத்தில் உள்ள எண்ணை எடு, இருபத்தொன்றாம் இடத்தில் உள்ளதோடு கூட்டு, விடையை இருபத்திரண்டில் வை. இவ்வளவையும் 0, 1 என்ற இரண்டு குறிகளை மட்டும் வைத்து எழுத வேண்டும். பிறகு காகித நாடாவில் துளைகளாகக் குத்தி இயந்திரத்துக்குள் விட வேண்டும். ஒரு துளை தவறினால் எங்கே தவறியது என்று நாடா முழுவதும் தேட வேண்டும். அலுப்பான வேலைதான். அலுப்பு இருந்தாலும் இயந்திரத்தின் உள்ளே எந்தக் கட்டளைக்கு எந்த மடை திறக்கிறது என்பது அந்த ஆட்களுக்குக் கண்ணாடிபோல் தெரிந்திருந்தது.

1962இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அந்த நிறுவனத்தின் புதிய கட்டடங்களைத் திறந்து வைத்தார். அந்த ஆண்டுதான் இயந்திரத்துக்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தானியங்கிக் கணக்கு இயந்திரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பல ஊர்களின் பல்கலைக்கழகங்களில் இருந்தும் ஆய்வுக்கூடங்களில் இருந்தும் ஆட்கள் வந்து டிஃப்ராக்கில் கணக்குப் போட்டார்கள்.

கதை இங்கே மகிழ்ச்சியாக முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. டிஃப்ராக் கட்டி முடிப்பதற்குள் உலகம் ஒரு தாவு தாவிவிட்டது. வால்வு இருந்த இடத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. அது சூடாகாது, இடம் அடைக்காது, அடிக்கடி பழுதாகாது. ஐந்தாறு ஆண்டு உழைப்பில் உருவான இயந்திரம் பிறக்கும்போதே பழையதாகிவிட்டது. 1964இல் அதே நிறுவனம் அமெரிக்காவில் இருந்து சி.டி.சி. 3600 என்ற பெரிய கம்ப்யூட்டரை வாங்கியது. டிஃப்ராக்கின் வேலை முடிந்தது.

அப்படியானால் முதலிலேயே வாங்கியிருக்கலாமே, இத்தனை பாடு எதற்கு? இந்தக் கேள்வி அப்போதும் எழுந்தது, இப்போதும் எழுகிறது. நியாயமான கேள்விதான். கணக்குப் போட மட்டும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் வாங்குவதே லாபம். ஆனால் வாங்கிய இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல நம்மிடம் ஆள் இருந்திருக்காது. டிஃப்ராக்கைக் கட்டியதால் அந்த ஆட்கள் கிடைத்தார்கள். அவர்கள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பது பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. அதற்கு முன் நரசிம்மன் இடையில் என்ன செய்தார் என்று பார்த்துவிடுவோம்.

1961 முதல் 1964 வரை அவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். அங்கே அவருக்கு ஒரு விசித்திரமான வேலை. அணுத்துகள்கள் ஒரு திரவத்தில் பாயும்போது குமிழிகளால் ஆன கோடுகள் தோன்றும். அவற்றைப் படம் எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான படங்கள்! மனிதர்கள் பார்த்து முடிக்க முடியாது. கம்ப்யூட்டருக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நரசிம்மனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் இருந்தால் என்ன? இதை நம் எழுத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். ‘ட’ என்ற எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் நிற்கும் ஒரு கோடு, அதன் அடியில் படுத்திருக்கும் ஒரு கோடு. இரண்டும் ஒரு மூலையில் சேர்கின்றன. வலப்பக்கம் இன்னொரு நிற்கும் கோட்டைச் சேர்த்தால் அது ‘ப’ ஆகிவிடும். கோடுகள்தான் சொற்கள். அவை சேரும் விதம்தான் இலக்கணம். படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்க்காமல் இப்படி உறுப்புகளாகப் பிரித்து விவரிக்கலாம் என்று உலகத்தில் முதலில் சொன்ன சிலரில் நரசிம்மனும் ஒருவர். அந்தத் துறையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான்.

திரும்பி வந்த அவர் இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவர் ஆனார்.

இப்போது அந்தப் பதினான்கு ஆண்டுக் கதை. தொடக்க காலத்தில் நிரல்களை எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். 1955இலேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் சங்கம் சேர்ந்து நிரல்களைப் பகிர்ந்துகொண்டார்கள். 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளைத் தனியாக விலை வைத்து விற்கப்போவதாக அறிவித்தது. மெல்ல மெல்ல மற்றவர்களும் செய்முறையைப் பூட்டி வைத்தார்கள். இந்தியாவிலும் பல அலுவலகங்களில் ஐ.பி.எம். இயந்திரங்கள் இருந்தன. பழுது பார்ப்பதும் அவர்களே. மற்றவர்கள் மூடியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைத்து இந்தியர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்று அரசு சட்டப்படி கேட்டது. ஐ.பி.எம். ஒப்பவில்லை. 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. இயந்திரங்கள் இங்கேயே நின்றன. இனி அவை பழுதானால்? சம்பளக் கணக்கும் ரயில்வே கணக்கும் அவற்றை நம்பி இருந்தன.

நல்லவேளையாக இந்தியாவின் எல்லா வகைக் கம்ப்யூட்டர்களையும் பராமரிக்க அரசு ஏற்கெனவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. சி.எம்.சி. என்று பெயர். அதன் முதல் தலைவர் யார்? ஆம், நரசிம்மன்தான்! வேறொருவர் செய்த இயந்திரத்தைத் திறந்து, அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்து, ஓடவைக்கும் வேலையை அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் நிற்கவில்லை. பின்னாளில் 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்ததும் இதே சி.எம்.சி.தான். அதற்கு முன்பெல்லாம் பெரிய பேரேடுகளில் கையால் பெயர் எழுதுவார்கள். நாகர்கோவில் சந்திப்பில் உங்கள் அப்பா எங்கே வேண்டுமானாலும் போக இருக்கை பதிவு செய்கிறார் அல்லவா? அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அது.

நரசிம்மன் மென்பொருளுக்கென்றே ஒரு தேசிய மையத்தையும் பம்பாயில் வளர்த்தார். அவரோடு பணியாற்றி வளர்ந்த எஸ். ரமணி பிறகு அந்த மையத்தை நடத்தினார். இந்தியாவில் மின்னஞ்சலும் இணையமும் கால் ஊன்றியதில் ரமணிக்கும் அந்த மையத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

பூட்டி வைத்த செய்முறையைத் திறக்க வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் எழுந்தது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை இணையத்தில் பொதுவில் வைத்தார். உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அந்த லினக்ஸ்தான். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளப் பள்ளிகளுக்குப் போனால், 2000களில் இருந்தே பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நரசிம்மன் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் அக்கறை வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் பிரின்ஸ்டனில் இருந்து இலவசமாக வந்த அறிக்கைகளை வைத்து அவர் கட்டியதும், லினக்ஸ் மூலநிரலை இறக்கி மாற்றிப் பார்க்கும் இன்றைய கல்லூரி அண்ணன் செய்வதும் ஒரே வேலைதான்.

அவர் அக்கறை திரும்பிய பக்கம் எது? மொழி. கம்ப்யூட்டர் அறிவோடு நடந்துகொள்ள முடியுமா என்பது அவரைக் கடைசிவரை துரத்திய கேள்வி. இன்று செயற்கை நுண்ணறிவு என்று எல்லோரும் பேசுகிறோம். கதை எழுதித் தருகிறது, படம் வரைந்து தருகிறது. நரசிம்மன் 1970களிலேயே அதைப் பற்றி யோசித்தார். வெறும் இலக்கண விதிகளைக் கொடுத்தால் இயந்திரத்துக்கு மொழி வந்துவிடும் என்று அவர் நம்பவில்லை. ஒரு குழந்தை மொழியை எப்படிக் கற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். அம்மா காட்டுகிறாள். குழந்தை சொல்கிறது. தப்பாகச் சொன்னால் அம்மா திருத்துகிறாள். சரியாகச் சொன்னால் கொஞ்சுகிறாள். செய்கையும் பேச்சும் பிணைந்தே வருகின்றன. எழுத்து வருவதற்கு முன் மனிதர்கள் செவிவழியாகவே பெரிய நூல்களை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதையும் அவர் ஆராய்ந்தார். இவை பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 1977இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிற்காலத்தில் பெங்களூரில் இருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

டிஃப்ராக்கைப் பற்றிச் சொல்பவர்கள் விட்டுவிடும் ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன். குழந்தைப் பேச்சை ஆராய வேண்டும் என்றதும், நரசிம்மனும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் ஆர். வைத்தியநாதனும் எடுத்துக்கொண்டது ஒரு தமிழ்க் குழந்தையை. ஒன்பது மாதத்தில் இருந்து மூன்று வயதை நெருங்கும் வரை, வீட்டில் பெரியவர்களோடு அந்தக் குழந்தை பேசியதையெல்லாம் பதிவு செய்து எழுதி வைத்தார்கள். 1984இல் அதைத் தொகுத்து வெளியிட்டார்கள். பல நாட்டுக் குழந்தைகளின் பேச்சைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சர்வதேசத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தொகுப்பு அது. நரசிம்மன் சேகரித்த மழலைத் தமிழும் அங்கே சேர்ந்திருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அதன் முதல் சொற்களை இன்றும் எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.